குளியல் தொட்டியில் மூன்று மரணங்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

தண்ணீரில் கிடந்த உடல் என்றால் மூழ்கிய சாவுதானே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சட்டம் படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

கொன்றுவிட்டுக் கிணற்றில் போட்ட உடலும் கிணற்றில்தான் மிதக்கும். உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கியிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிணம் ஊறினாலும் அப்படித்தான் ஆகும். மருத்துவர் தேடுவது வேறு: மூக்கிலும் வாயிலும் துடைக்கத் துடைக்க வரும் வெண்ணுரை, உப்பிய நுரையீரல், விரல்களுக்குள் இறுகிய பாசி. அடுத்தது டயாட்டம் சோதனை. ஆற்றிலும் குளத்திலும் வாழும் இந்த நுண்பாசியின் சிலிக்கா ஓடு அமிலத்திலும் கரையாது. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் கலந்து, தொடை எலும்பின் மஜ்ஜை வரை அது சேர்ந்திருந்தால், நீருக்குள் போனபோது இதயம் துடித்திருக்கிறது என்று கொள்ளலாம். உடல் கிடைத்த இடத்து நீரையும் ஒப்பிட அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் பிறகு ஈடுசெய்ய வழியில்லை. டயாட்டம் இல்லாததால் மூழ்கவில்லை என்றும் முடிவு கட்டாதே. குழாய்த் தண்ணீரில் அது இல்லாமலே போகலாம்.

மூழ்கித்தான் இறந்தார் என்று தெரிந்த பிறகும் பெரிய கேள்வி மிச்சமிருக்கிறது: தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா, யாராவது அமுக்கினார்களா?

1912 முதல் 1914 வரை, இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் மணந்த மூன்று பெண்கள் குளியல் தொட்டியில் இறந்தார்கள். ஊர்கள் வேறு, அவன் சொல்லிக்கொண்ட பெயர்கள் வேறு. ஒவ்வொரு சாவுக்கு முன்பும் உயிலோ ஆயுள் காப்பீடோ அவனுக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தது. மூன்றும் விபத்து என்றே முடிக்கப்பட்டன. மூன்றாவது சாவைச் செய்தித்தாளில் படித்து, இரண்டாவது பெண்ணின் தந்தைதான் சந்தேகம் எழுப்பினார். மகளை இழந்த ஒருவர் கண்ணில் பட்டது விசாரித்தவர்களுக்குப் படவில்லையே என்று இன்றும் மனம் பதறுகிறது.

புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து, தடயவியல் மருத்துவர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி ஆராய்ந்தார். போராடியதைக் காட்டும் பெரிய காயங்கள் இல்லை. போராட்டமே இல்லாமல் மூழ்கடிக்க முடியுமா என்று அறிய, காவல்துறையினர் நீச்சலில் தேர்ந்த ஒரு பெண்ணைத் தொட்டியில் உட்காரவைத்து, கால்களைச் சட்டென்று தூக்கி இழுத்துப் பார்த்தார்கள். தலை நீருக்குள் போனதும் அவர் நினைவிழந்தார், பாடுபட்டுத்தான் தெளியவைத்தார்கள்.

1915-ல் முதல் பெண்ணின் கொலைக்கு மட்டுமே வழக்கு நடந்தது. ஆனாலும் மற்ற இரு சாவுகளையும் சாட்சியமாகக் கேட்க நீதிபதி அனுமதித்தார். ஒரு தொட்டியில் நடந்தது விபத்தாக இருக்கலாம், மூன்றிலுமா? அவன் தூக்கிலிடப்பட்டான்.

2024 வரை நடைமுறையில் இருந்த நம் 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 15-வது பிரிவு இத்தகைய சாட்சியத்துக்கு ஸ்மித் வழக்குக்கு முன்பே இடம் தந்திருந்தது. அடுத்தடுத்து வீடுகளைக் காப்பீடு செய்து, ஒவ்வொன்றும் எரிந்ததும் பணம் வாங்கிய ஒருவனை அது எடுத்துக்காட்டாகச் சொன்னது. அந்தப் பிரிவைப் படித்துவிட்டு, ஸ்மித் வழக்கோடு ஒப்பிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா