சூரியன் கருந்துளை ஆகுமா?



விண்மீன்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், சூரியனும் ஒருநாள் கருந்துளையாகி நம்மை விழுங்கிவிடுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால், இது சிரிக்க வேண்டிய கேள்வி அன்று. இதற்கு விடை தரும் எண்ணைக் கணக்கிட்டவர் 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர். அவர் சொன்னதைக் கேட்டும் ஓர் அவை சிரித்தது.

கயிறு இழுக்கும் போட்டி

விண்மீனுக்குள் எப்போதும் ஒரு போட்டி நடக்கிறது. ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் மையத்தை நோக்கி இழுக்கிறது. மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறும்போது வெளிப்படும் ஆற்றல், வெளிநோக்கித் தள்ளும் அழுத்தத்தைத் தருகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை விண்மீன் நிலையாக ஒளிரும். எரிபொருள் தீர்ந்தால் ஈர்ப்பு விசையின் கை ஓங்கும். மையப்பகுதி சுருங்கத் தொடங்கும்.

இந்தச் சுருக்கத்தை எது நிறுத்தும்? எலெக்ட்ரான்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியன்று திடலின் படி இருக்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இருக்கையில் ஒருவர்தான் அமரலாம். கீழ்ப்படிகள் நிரம்பினால், பின்னால் வருபவர்கள் மேலே ஏற வேண்டும். அதுபோல, நெருக்கப்படும் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே நிலையில் இருக்க முடியாது. பல எலெக்ட்ரான்கள் மேன்மேலும் அதிக வேகத்தில் இயங்க வேண்டியிருக்கும். அந்த இயக்கமே அழுத்தமாகி ஈர்ப்பைத் தாங்குகிறது. இப்படி நிற்கும் விண்மீனுக்கு 'வெண்குறுமீன்' என்று பெயர். சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம்! அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் இருக்கும்.

கப்பலில் பிறந்த கணக்கு

எல்லா விண்மீன்களும் இப்படித்தான் முடியும் என்று அன்று நம்பினார்கள். 1930 ஜூலை இறுதியில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். சர் சி. வி. ராமன் இவருடைய சிற்றப்பா. பயணத்தின்போது இவருக்கு ஓர் ஐயம் எழுந்தது: ஒளியின் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாதே! எலெக்ட்ரான்களின் வேகம் அந்த எல்லையை நெருங்கினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்த்தார். நிறை மிகுந்தால், எலெக்ட்ரான்களின் அழுத்தத்தால் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாது என்று தெரிந்தது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைதான் வெண்குறுமீனின் உச்ச வரம்பு. இன்று இதைச் 'சந்திரசேகர் வரம்பு' என்கிறோம்.

1935 ஜனவரி 11ஆம் நாள் லண்டனில், அரச வானியல் கழகத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அக்காலத்தின் புகழ்பெற்ற வானியலாளர். ஒரு விண்மீன் இப்படி முடிவின்றிச் சுருங்குவது அபத்தம் என்றும், இயற்கை அதற்கு இடம் தராது என்றும் கேலி செய்தார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. சந்திரசேகரின் கணக்கே சரி என்று உணர்ந்த இயற்பியலாளர்கள் சிலரும் அதை வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை.

வரம்பைத் தாண்டினால்?

மையப்பகுதி 1.4 மடங்கைத் தாண்டினால், எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் இணைந்து நியூட்ரான்களாகும். வெளிப்பகுதி 'சூப்பர்நோவா'வாக வெடித்துச் சிதறும். எஞ்சுவது சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட நியூட்ரான் விண்மீன். அதில் ஒரு தேக்கரண்டி, 100 கோடி டன்னுக்கும் மேல்! எஞ்சிய நிறை அதற்கும் மிக அதிகமானால், சுருக்கத்தை நிறுத்த எந்த விசையாலும் முடியாது. ஒளிகூட வெளியேற முடியாத கருந்துளை உருவாகும்.

1967இல் ஜோசலின் பெல் முதல் துடிப்பு விண்மீனைக் கண்டார். அது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று பின்னர் தெரிந்தது. தொடர்ந்து கருந்துளைகளுக்கும் சான்றுகள் கிடைத்தன. சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது 73.

சரி, மாணவியின் கேள்விக்கு வருவோம். சூரியன் கருந்துளை ஆகாது. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப்பின் அது பெருத்து, வெளி அடுக்குகளை இழந்து, வெண்குறுமீனாக அடங்கும். அதன் நிறை வரம்புக்குள்தான் இருக்கிறது.

வானத்தைப் பாருங்கள்

பிப்ரவரி மாதத்தில் இரவு ஒன்பதரை மணியளவில், தஞ்சோங் ரம்புத்தானில் விளக்கொளி குறைந்த இடத்தில் நின்று, பெரியவர்கள் துணையுடன் அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றின் வடபுறம் செந்நிறத்தில் ஒளிர்வது திருவாதிரை. அது ஒருநாள் சூப்பர்நோவாவாக வெடிக்கும். அந்த மூன்றின் வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் மிகப் பிரகாசமான சிரியஸ் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெண்குறுமீன் அதனுடன் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது.

சிந்தியுங்கள்

1. சூரியனைவிட 1.2 மடங்கு நிறையுள்ள வெண்குறுமீன் மேலும் சுருங்குமா? ஏன்?
2. எலெக்ட்ரான்களின் வேகத்துக்கு எல்லையே இல்லையென்றால், கருந்துளைகள் தோன்றுமா?
3. அவை சிரித்ததால் சந்திரசேகரின் கணக்குத் தவறாகிவிட்டதா? வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கும் நண்பருக்கு என்ன சொல்வீர்கள்?