ஒரு மழையும் ஒரு கோடையும்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் புனேயை விட்டுத் தமிழ்நாட்டுக்கே வந்து நிலையாகக் குடியேறப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. சென்னையா, கோவையா, திருச்சியா, மதுரையா, நெல்லைப் பக்கமா என்று கேட்டு, ஒவ்வொரு ஊருக்கும் சம்பளம், வாடகை, பள்ளிக்கூடம், வெயில் என்று கட்டம் போட்டு ஒரு அட்டவணையும் அனுப்பியிருக்கிறாய். உழைத்துத்தான் செய்திருக்கிறாய். ஆனால் அந்தக் கட்டங்களில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊரின் நல்ல நாள் கணக்கு. முப்பது வருடம் குடியிருக்கப் போகிற ஊரை நல்ல நாளை வைத்து எடை போடக் கூடாது. எல்லா ஊருக்கும் ஒரு கெட்ட ஆண்டு வரும். மழை பொய்க்கும், அல்லது அளவுக்கு மீறிப் பெய்யும், அல்லது தொழில் படுத்துவிடும். அந்த ஆண்டில் ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறந்திருக்கிறதா என்பதுதான் ஊரின் தரம். உன் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் போட வேண்டும். அதைத்தான் முதல் கட்டமாகவும் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோவை நகரத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் சென்னைதான் தண்ணீருக்குக் கவலையில்லாத ஊர் என்று தோன்றும். ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது சென்னைக்குத்தான். சென்னையின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைக்கும் நான்கு ஏரிகளுக்கும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 11 டி.எம்.சி.தான், மேட்டூர் அணை ஒன்றே 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். அதனால் ஒரு பருவமழை ஏமாற்றினால் மறு கோடையைத் தாண்டுவது கஷ்டம். கோவைக்கு மழை குறைவு, ஆனால் மேற்கே மலை இருக்கிறது. அங்கே பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சிறுவாணியும் பில்லூரும் பிடித்துக் கொடுக்கின்றன. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சிறுவாணி அணை இருப்பது கேரள எல்லைக்குள். திருச்சிக்குக் காவிரியும் கொள்ளிடமும் பக்கத்திலேயே ஓடுகின்றன. மேலே ஆறு வற்றிக் கிடந்தாலும் மணலுக்கு அடியில் கிணறு இறக்கி எடுக்க ஊற்று இருக்கும். நெல்லைக்குத் தாமிரபரணி, பொதிகையில் பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் கலந்துவிடுகிற ஆறு, இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு. மதுரையின் வைகையோ 1895-ல் கட்டிய பெரியாறு அணையின் தண்ணீரைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே மழை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதே. குழாயில் வரும் தண்ணீர் எந்த மலையில் தொடங்குகிறது, அது நின்றால் அடுத்தது எது என்று கேள்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் சென்னைக்கும் நியாயம் கிடைக்கும். 2004-இல் வீராணம் ஏரித் தண்ணீர் குழாய் வழியாக வந்தது. ஆந்திராவின் கண்டலேறிலிருந்து கால்வாயில் கிருஷ்ணா நீர் வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூரில் 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும் தொடங்கியது. நெம்மேலியிலேயே 2024-இல் இன்னொன்று சேர்ந்தது. அடிபட்டு அடிபட்டுச் சேர்த்துக்கொண்ட வழிகள் இவை. நீ கேட்ட ஐந்து ஊர்களில் அதிக வழிகளில் தண்ணீர் பெறுவது இன்றைக்குச் சென்னைதான். ஆனால் அந்தத் தண்ணீர் புறநகரில் நீ பார்க்கிற அடுக்குமாடிக்கு வருகிறதா, அல்லது அங்கே போர்வெல்லும் தண்ணி லாரியும்தானா என்பது வேறு கேள்வி. ஊருக்கு ஐந்து வழி இருந்து, உன் தெருவுக்கு ஒன்றும் இல்லையென்றால் உனக்கு என்ன பயன்?

தண்ணீர் வரும் வழியைப் பார்த்த பிறகு போகும் வழியையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வேளச்சேரி போன்ற இடங்களில் மக்கள் படகில் வெளியேறினார்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணிக் கரையெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அதனால் வெள்ளம் சென்னைக்கு மட்டும் உரியது என்று எண்ணாதே. எந்த ஊரிலும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வரும். அந்தப் பழைய இடம் எது என்பதை நம் ஊர்ப் பெயர்களே பாதி சொல்லிவிடும். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்திய சிறு ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற பெயர்களைக் கேட்டதும் தரை உயரத்தை விசாரிக்கத் தோன்ற வேண்டும். தியாகராய நகர் 1920-களில் உருவானதே ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துத்தான். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்னும் இருக்கிறது, பார்க்க ஏரிதான் இல்லை. பெயர் சொல்லாத மீதியை வருவாய்த் துறையின் அ-பதிவேடு சொல்லும். வீட்டுமனையின் சர்வே எண்ணையும், சுற்றியுள்ள எண்களையும் அதில் பார். பக்கத்து எண்ணில் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால், புரோக்கர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் தள்ளி நில். பிறகு தெருவில் நடந்து பார். காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகப் பழுப்புக் கோடு ஓடுகிறதா? பழைய வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து, புதிய வீடுகள் எல்லாம் நான்கைந்து படி ஏற்றிக் கட்டப்பட்டிருக்கின்றனவா? கரண்ட் மீட்டர் பெட்டியைப் பிடுங்கி மேலே மாட்டியிருக்கிறார்களா? அந்தத் தெருவின் கெட்ட ஆண்டு அந்தச் சுவரில்தான் எழுதியிருக்கிறது. விலைப் பட்டியலில் அதைத் தேடாதே.

அடுத்தது வேலை. மாப்பிள்ளைக்கு மெக்கானிக்கல் டிசைன், உனக்கு சாஃப்ட்வேர். இப்போது கையில் உள்ள ஆஃபரின் சம்பளத்தை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த வேலை போனால், வீடு மாறாமல், பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறாமல், அடுத்த வேலை கிடைக்குமா என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஆனாலும் அந்த வட்டாரத்தில் கார், எலெக்ட்ரானிக்ஸ் என்று வேறு ஆலைகள் இருந்தன; சில ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தை வேறொரு நிறுவனம் வாங்கித் திறக்கவும் செய்தது. திருப்பூரின் கதை வேறு. நொய்யலில் சாயக் கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நதிக்காக அந்தத் தீர்ப்பு தேவையானதுதான். ஆனால் சாயம் நின்றபோது பனியன் தொழில் சங்கிலி முழுவதும் ஆடியது. ஏனென்றால் ஊர் முழுவதும் ஒரே தொழிலின் கண்ணிகள். திருச்சியிலும், பெல் நிறுவனத்துக்கு பாய்லர் ஆர்டர் குறைந்த காலத்தில் துவாக்குடியைச் சுற்றியிருந்த சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வாடின. கோவையைப் பார்: நூற்பாலை, பம்ப் மோட்டார், ஃபவுண்டரி, ஆட்டோ உதிரிபாகம், மருத்துவமனை, கல்லூரி, பீளமேடு முதல் சரவணம்பட்டி வரை ஐ.டி. அலுவலகங்கள். ஒன்று படுத்தால் எல்லாம் சேர்ந்து படுக்காது. பல தொழில் ஒரே ஊரில் இருப்பது கெட்ட ஆண்டுக்குப் போட்ட இன்ஷூரன்ஸ் மாதிரி.

இதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். “சொந்தபந்தம் இருக்கிற ஊரை விட்டுவிட்டு, ஏரியும் தொழிற்சாலையும் பார்த்தா குடியேறுவது?” என்று கேட்கலாம். சொந்தங்களும் இந்தக் கணக்குக்குள் வருபவர்கள்தான். இருவருக்கும் ஒரே நாளில் அலுவலகம் தவிர்க்க முடியாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பத்து நிமிடத்தில் வந்து நிற்க ஒரு அத்தையோ சித்தியோ இருப்பது பெரிய இரண்டாவது வழி. மதுரையிலும் நெல்லையிலும் உங்களுக்கு அது இருக்கிறது, அதற்கு நிறைய மதிப்பெண் போடு. ஆனால் உறவு என்ற ஒன்றுக்காக வேலையில் ஒரே வழி மட்டும் உள்ள ஊரில் சிக்கிக்கொண்டால், அந்த உறவுக்கே நாளைக்குப் பாரமாகிவிடக்கூடும். நல்ல ரயில் இருந்தால் நான்கைந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் சொந்தமும் சொந்தம்தான்.

“இப்படிப் பயந்தால் எங்கேயும் வாழ முடியாது, குறையில்லாத ஊர் எது?” என்பது இன்னொரு கேள்வி. அப்படி ஒரு ஊர் இல்லை என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆழம் பார்த்து இறங்குகிறவன் ஆற்றுக்குப் பயந்தவன் இல்லை. அவன்தான் அக்கரை சேருகிறவன். எந்தக் குறையோடு வாழ முடியும் என்று தெரிந்து தேர்ந்தால், அது வரும்போது தயாராக இருப்போம். அரசாங்கம் மழைநீர் வடிகால் கட்டுகிறதே, போகப்போகச் சரியாகிவிடாதா என்றும் கேட்கலாம். நிறையச் சரியாகியிருக்கிறது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல பலன் தந்தது. ஆனால் வடிகால் தண்ணீரைக் கடத்தத்தான் செய்யும், தாழ்ந்த தரையை உயர்த்தாது. கட்டி முடித்த வசதியை நம்பி வீடு வாங்கு. அறிவித்த வசதியை நம்பி வாங்காதே.

இவ்வளவையும் கூட்டிக் கழித்து என் கருத்தைக் கேட்டால், உங்கள் இருவர் தொழிலுக்கும் கோவையை முதலில் வைப்பேன். தண்ணீருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி, வேலைக்குப் பல வழி, இருவரும் வேறு வேறு துறையில் நிற்க இடம். சம்பளமும் அடுத்தடுத்த வாய்ப்பும் சென்னையில் கூடுதல் என்பதை மறுக்க மாட்டேன். அங்கே போவதானால் ஊரைத் தேர்வு செய்ததோடு வேலை முடியவில்லை, தெருவைத் தேர்வு செய்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது. திருச்சி தண்ணீரில் பலம். உன் வேலையை வீட்டிலிருந்தே செய்ய முடியும் என்று எழுத்தில் கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம்.

எந்த ஊரானாலும் கையில் பணம் இருக்கிறதே என்று வந்த உடனே மனை வாங்கிவிடாதே. எந்தத் தெருவில் வாங்க நினைக்கிறாயோ அதே தெருவில் ஒரு வருடம் வாடகைக்கு இரு. கார்த்திகை மழையில் இரவு பதினொரு மணிக்கு வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார். சித்திரை, வைகாசியில் சம்ப் எத்தனை நாளைக்கு ஒரு முறை நிரம்புகிறது, தெருவுக்கு எத்தனை தண்ணி லாரி வருகிறது என்று குறித்து வை. ஒரு வருட வாடகை வீண் செலவு என்று மாப்பிள்ளை சொல்வார். இருபது வருடக் கடனுக்கு முன்னால் அது சின்னத் தொகை என்று நான் சொன்னதாகச் சொல். ஒரு மழையும் ஒரு கோடையும் பார்த்த பிறகும் அந்தத் தெரு உனக்குப் பிடித்திருந்தால், தைரியமாக அங்கேயே வாங்கு. கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம்.

என்றும் அன்புடன்,
உன் பெரியப்பா