கண்ணாடி வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



மலருக்குக் கவிதையும் கடிஜோக்கும் வண்டி வண்டியாக வந்து குவிந்துவிட்டதாம். "நீயாவது உருப்படியா டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடுடா" என்றார் நம் மாணவர் மன்றச் செயலாளர். தலைப்புக்காக நான் அலையவில்லை. சென்ற மாதம் மட்டும் நாலு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அண்ணே, எப்.பி.வி. ட்ரோனுக்கு எந்தக் காகிள்ஸ் வாங்கலாம்?" அவர்களில் ஒருவன் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் தம்பி. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வந்த மாதம் ஆயிரத்தைப் பத்து மாதம் தொடாமல் சேர்த்து வைத்திருக்கிறான். அந்தப் பத்தாயிரத்தையும் அப்படியே கண்ணாடியில் போடப் போகிறேன் என்று நின்றான். அவனிடம் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எப்.பி.வி. என்பது என்ன? ட்ரோனின் மூக்கில் இருக்கும் கேமரா பார்ப்பதை, நாம் கண்ணில் மாட்டிய காகிள்ஸில் அந்த நொடியே பார்த்துக்கொண்டு ஓட்டுவது. விமானியின் இருக்கையில் நாமே உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் பறக்கவிடும் ட்ரோனை வைத்து இதை எடை போடாதீர்கள். அது ஜி.பி.எஸ். உதவியோடு பறப்பது, ஸ்டிக்கை விட்டால் நல்ல பிள்ளையாக நின்ற இடத்திலேயே நிற்கும். எப்.பி.வி. ட்ரோனை 'ஆக்ரோ' முறையில் ஓட்டும்போது ஸ்டிக்கை விட்டால், அது எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ அதே கோணத்தில் போய்க்கொண்டே இருக்கும். நிமிர்த்துவதும் நம் வேலை. போதாக்குறைக்கு த்ராட்டில் ஸ்டிக்குக்கு நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் கிடையாது. ஆகவே இந்தக் கலை முதலில் விரலில் ஏற வேண்டும். கண்ணுக்கு அப்புறம்தான் வேலை.

அதனால்தான் நான் சொல்லும் வரிசை இது: முதலில் ரேடியோ, அதாவது கையில் பிடிக்கும் கன்ட்ரோலர். இரண்டாவது சிமுலேட்டர். மூன்றாவதாகத்தான் ட்ரோனும் காகிள்ஸும். 'எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்.' வகை ரிசீவரோடு பேசும் ஒரு ரேடியோவை இன்று வாங்கினால், நாளை வாங்கப் போகும் சின்ன ட்ரோனுக்கும் அதுதான், மறுவருஷம் நாமே பூட்டப் போகும் பெரிய ட்ரோனுக்கும் அதுதான். யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் சொருகினால் ஜாய்ஸ்டிக் ஆகிவிடும். வெலோசிட்ரோன், லிப்ட்ஆப் போன்ற சிமுலேட்டர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. விழுந்து நொறுங்கினாலும் நயா பைசா செலவில்லாத பயிற்சி அது ஒன்றுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போடுவோமே, அதையே சிமுலேட்டரில் இரண்டு தூணைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். சறுக்காமல், உயரம் மாறாமல் பத்து எட்டு வந்தால் மேலே யோசிக்கலாம். எனக்கு அது வர இருபது மணி நேரம் பிடித்தது. சிலருக்குச் சீக்கிரம் வருகிறது.

சரி, காகிள்ஸை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன்? காகிள்ஸ் வாங்குவது என்றால் ஒரு வீடியோ முறையையே வாங்குவது என்று பொருள். ஒரு கடையில் என் நண்பனிடம் "எல்லாக் கண்ணாடியும் எல்லா ட்ரோனுக்கும் சேரும் தம்பி" என்று கூசாமல் சொன்னார்கள். சேராது. டி.ஜே.ஐ. காகிள்ஸ் டி.ஜே.ஐ. டிரான்ஸ்மிட்டரின் படத்தைத்தான் காட்டும். வாக்ஸ்னெயில் தனி, எச்.டி.ஜீரோ தனி. அனலாக் மட்டும்தான் பொதுச் சத்திரம்: 5.8 கிகாஹெர்ட்ஸில் எந்தக் கம்பெனி டிரான்ஸ்மிட்டர் அனுப்பினாலும் எந்தக் கம்பெனி அனலாக் காகிள்ஸும் பிடித்துக்கொள்ளும். டிஜிட்டல் காகிள்ஸ் விலை சாதாரண அனலாக் பெட்டிக் காகிள்ஸைப் போல நாலைந்து மடங்கு வரும். அதோடு முடிந்ததா? ஒவ்வொரு ட்ரோனுக்குள்ளும் வைக்கும் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டரும் விலை கூடியது. வாரம் ஒரு தடவை சுவரில் மோதும் பருவத்தில் இந்தக் கணக்கு வலிக்கும்.

படத்தின் அழகில் டிஜிட்டலுக்கு ஈடு இல்லை. இலை இலையாகத் தெரியும். அனலாக் படம், பழைய டி.வி.யில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காலத்து ஒளியும் ஒலியும் மாதிரி இருக்கும். அது உண்மையிலேயே டி.வி. படம்தான், பால் முறை, 625 வரி, விநாடிக்கு 25 பிரேம். ஆனால் சிக்னல் குறையும்போது அனலாக்கில் புள்ளி விழும், கோடு ஓடும், நிறம் போகும். கடைசி வரை ஏதோ ஒன்று தெரிந்துகொண்டே இருக்கும். "திரும்பு, திரும்பு" என்று அதுவே சொல்லும் எச்சரிக்கை அது. டிஜிட்டல் ஓரளவு வரை பளிச்சென்று இருந்து, பிறகு கட்டம் கட்டமாக உடைந்து உறைந்து போகும். எச்.டி.ஜீரோ மட்டும் இந்த விஷயத்தில் அனலாக் குணம் கொண்டது. புதிதாக ஓட்டுகிறவனுக்குப் புள்ளி விழும் படமே நல்ல வாத்தியார் என்பது என் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் நம் துறையிலேயே உண்டு!

அடுத்தது தாமதம். கேமரா பார்த்தது கண்ணுக்கு வந்து சேர எவ்வளவு நேரம்? ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். தாமதம் 30 மில்லி விநாடி என்றால், நாம் பார்க்கும் இடத்தைத் தாண்டி ட்ரோன் ஏற்கெனவே அரை மீட்டர் போய்விட்டது. சமாளிக்கலாம். நல்ல அனலாக்கும் இன்றைய நல்ல டிஜிட்டலும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள் இருக்கின்றன. ஆனால் செல்போனை அட்டைப் பெட்டியில் சொருகி வைபையில் படம் பார்க்கும் விளையாட்டு ட்ரோன்களில் 150 மில்லி விநாடி கூட ஆகலாம். அதாவது இரண்டரை மீட்டர். மரத்தைப் பார்க்கிற நேரத்தில் மரத்துக்குள் இருப்போம். மலிவு என்று அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி கண்ணாடியின் உடம்பைப் பார்ப்போம். இரண்டு வகை உண்டு. ஒன்று பெட்டி வகை: உள்ளே ஒரே பெரிய எல்.சி.டி., முன்னால் ஒரே லென்ஸ். மற்றது மெல்லிய வகை: கண்ணுக்கு ஒரு குட்டித் திரை. மெல்லிய வகையில் இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்த வேண்டும். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மில்லிமீட்டர். ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து நண்பனை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் அளவு அந்தக் காகிள்ஸ் நகரும் எல்லைக்குள் இல்லாவிட்டால் படம் இரண்டாகத் தெரியும், தலைவலிக்கும். எவ்வளவு விலையானாலும் அது உங்களுக்கு ஆகாது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன தம்பிக்கு மைனஸ் மூன்று. பெட்டி வகைகள் பலவற்றில் மூக்குக்கண்ணாடியோடே மாட்டிக்கொள்ளலாம். மெல்லிய வகையில் பவரைத் திருகிச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை இன்டர்நெட்டில் படம் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. யாரிடமாவது இரவல் வாங்கி ஐந்து நிமிஷம் முகத்தில் மாட்டிப் பாருங்கள். மூக்கின் ஓரமாக வெளிச்சம் நுழைகிறதா என்பது கூட அப்போதுதான் தெரியும்.

ஆன்டெனா விஷயத்தில் நம் துறைக்காரர்கள் கோட்டை விடக் கூடாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5.2 செ.மீ.தான்; ஆகவே ஒரு சுவரோ ஈர மரமோ போதும், மறைத்துவிடும். ட்ரோனில் வலச்சுழல் ஆன்டெனா என்றால் காகிள்ஸிலும் வலச்சுழல்தான் வேண்டும். ஒன்று வலம், ஒன்று இடம் என்றால் சிக்னலில் பெரும்பகுதி போச்சு. ஒன்று சுழல், மற்றது நேர்கோட்டு வகை என்றால் 3 டெசிபல், அதாவது பாதி சக்தி நஷ்டம். டிரான்ஸ்மிட்டருக்கு ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் பேட்டரி கொடுக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரையே சுட்டுவிடும். இரண்டு ஆன்டெனாவில் நல்ல சிக்னல் வருவதைத் தானே தேர்ந்தெடுக்கும் 'டைவர்சிட்டி' ரிசீவர் உள்ள காகிள்ஸ் என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ஆக, தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு: இப்போது ரேடியோ மட்டும். மிச்சப் பணம் பாங்கில் இருக்கட்டும். செமஸ்டர் முடிந்ததும் மோட்டாருக்கு மோட்டார் 65 மில்லிமீட்டர் உள்ள, விசிறியைச் சுற்றி வளையம் போட்ட குட்டி 'ஊப்' ட்ரோன் ஒன்று. எடை முப்பது கிராம் அளவுதான், வகுப்பறைக்குள்ளேயே பறக்கலாம். கூடவே மூக்குக்கண்ணாடியோடு மாட்டக் கூடிய, பதிவு வசதியுள்ள, டைவர்சிட்டி அனலாக் பெட்டிக் காகிள்ஸ். பதிவு வசதி ஆடம்பரம் இல்லை. புதரில் விழுந்த ட்ரோனைத் தேட, கடைசிப் பத்து விநாடிப் படம்தான் வழிகாட்டி. ரேடியோ வாங்கிவிட்டான். மூன்று வாரமாகச் சிமுலேட்டரில் எட்டு போட்டுக்கொண்டிருக்கிறான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்டது நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வியாபாரத்துக்கு அல்லாத மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்றது அந்த விதி. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று இல்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான். விமான நிலையத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் பேட்டரியைத் தொடவே வேண்டாம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டபோது உதிரிபாகங்களை விட்டுவைத்தது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த நமக்கு இது வசதிதானே!

மைதானத்துக்குப் போனால், காகிள்ஸ் மாட்டியவனுக்குப் பக்கத்தில் நடப்பது தெரியாது. மாடு வந்தாலும் தெரியாது, குழந்தை வந்தாலும் தெரியாது. ஆகவே வெறுங்கண்ணோடு ட்ரோனையும் சுற்றுப்புறத்தையும் பார்க்க ஒரு ஆள் கூட நிற்க வேண்டும். அவர் "இறக்கு" என்றால் கேள்வி கேட்காமல் இறக்க வேண்டும். பேட்டரி சொருகும் முன் எந்தச் சானல் என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒரே சானலில் நீங்கள் பவர் கொடுத்தால், மேலே பறந்துகொண்டிருப்பவனின் படம் போய்விடும். இன்னொன்று, நம் ஊர் வெயிலுக்கு: காகிள்ஸைக் கழற்றி வைக்கும்போது லென்ஸ் வானத்தைப் பார்த்திருக்கக் கூடாது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் கொளுத்திய அதே வித்தையில் உள்ளே இருக்கும் திரை பொசுங்கிவிடும். துணி போட்டு மூடி, பைக்குள் வையுங்கள்.

சிமுலேட்டர் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை மதியம் எங்கள் துறை ப்ராஜெக்ட் லேபுக்கு வரலாம். ரேடியோ என்னிடம் ஒன்று இருக்கிறது. லேப்டாப் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.