சாதுவான தேனீயும் சங்கத்தின் கடமையும்

தேனீ வளர்க்கும் அங்கத்தினர்கள் விரும்புவது இரண்டு. தேன் மிகுதியாகக் கிடைக்க வேண்டும். ஈயும் சாதுவாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெற முயன்ற பிரேஸில் நாட்டின் அனுபவம் நாம் அனைவரும் அறிய வேண்டியதாகும்.

ஐரோப்பியத் தேனீக்கள் அந்நாட்டின் வெப்பத்தில் செழிக்கவில்லை. ஆகவே, வார்விக் கெர் என்னும் விஞ்ஞானி 1956ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து ராணி ஈக்களைத் தருவித்து, ரியோ கிளாரோ நகருக்கு அருகே வளர்த்தார். ஒன்றன் உழைப்பையும் மற்றதன் சாதுத் தன்மையையும் ஓரினத்தில் சேர்ப்பதே அவர் நோக்கம். ராணி வெளியேறாதபடி பெட்டி வாயில்களில் தடுப்புகள் வைக்கப்பட்டிருந்தன. 1957இல் அவை அகற்றப்படவே, 26 கூட்டங்கள் ராணிகளுடன் பறந்து சென்றன. அவற்றின் சந்ததி ஆங்கிருந்த ஈக்களுடன் கலந்து பெருகி, 1990இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தை அடைந்தது. இக்கலப்பின ஈயின் விஷம் மற்ற தேனீயின் விஷத்தைவிடக் கடுமையானதன்று. ஆனால் சிறு அசைவுக்கும் சினந்து, பெருங்கூட்டமாகத் துரத்திக் கொட்டும். மனிதரும் கால்நடைகளும் மாண்டதுண்டு.

இருபத்தாறு கூட்டங்கள் இவ்வளவு பரவியது எவ்வாறு? கன்னி ராணி பெட்டிக்குள் கருவுறுவதில்லை. வானில் பறந்து, பல கூட்டங்களைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்ட ஆண் ஈக்களுடன் கூடுகின்றது. எனவே நம் பெட்டியிலுள்ள வேலைக்கார ஈக்களின் குணத்தில் பாதி அயலார் கூட்டத்திலிருந்து வருவதாகும். நாம் எவ்வளவு நல்ல ராணியை வைத்திருப்பினும், அண்டையில் முரட்டு ஈ இருப்பின் அதன் மகள் ராணியின் கூட்டம் முரடாகிவிடக் கூடும்.

ஆதலால் சாதுவான இனத்தை உண்டாக்குதல் தனி மனிதர் முயற்சியால் கைகூடாது; ஊர் கூடிச் செய்ய வேண்டிய பணியாகும். அதற்கான வழிகள் வருமாறு:

1. நல்ல வெயில் வேளையில் அளவாகப் புகையிட்டுப் பெட்டியைத் திறந்து, ஈக்கள் அடையில் அமைதியாக இருக்கின்றனவா, எத்தனை கொட்டின என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து வைக்க வேண்டும். ஒரு நாட்பார்வை போதாது.

2. முரட்டுக் கூட்டத்தின் ராணியை நீக்கி, சாதுவான கூட்டத்தின் ராணி அறையை வைக்க வேண்டும்.

3. முரட்டுக் கூட்டத்தின் ஆண் ஈ அறைகளை அறுத்தெறிய வேண்டும். இதில் ஒருவர் தவறினும் பலன் குன்றும்.

4. சங்கத்திற்கு அறிவிக்காமலும், அரசின் அனுமதியும் பரிசோதனையும் இன்றியும் வெளிநாட்டு ராணியை ஒருவரும் தருவித்தலாகாது.

நம் இந்தியத் தேனீ வேறு இனமாதலின் ஆப்பிரிக்க ஈயுடன் கலந்து சந்ததி தராது. ஆனால் இத்தாலியத் தேனீ ஆப்பிரிக்க ஈயின் இனமே. இரண்டும் எளிதில் கலக்கும். இத்தாலியத் தேனீ வளர்ப்போர் இதனை மறத்தல் கூடாது.

மனம் தளரவும் வேண்டுவதில்லை. 1994இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் புகுந்த இக்கலப்பினம் சில ஆண்டுகளிலேயே சாதுவாயிற்று. கடல் சூழ்ந்த அவ்விடத்தில் புதிய முரட்டு ஈ வந்து கலப்பது அரிது. தொல்லை தந்த கூடுகளை மக்கள் அழித்தும் வந்தனர். நம் ஊரைக் கடல் சூழவில்லை. அக்கடல் செய்த காவலை அங்கத்தினரின் ஒற்றுமையே செய்தல் வேண்டும்.