தேசியச் சங்கமா, தனிச் சங்கமா?

கேள்வி: அமெரிக்க விமானிகளில் பலர் 'ஆல்பா' என்ற தேசியச் சங்கத்தில் இருக்கிறார்கள். சிலர் தங்கள் நிறுவனத்துக்கு மட்டும் தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். எது நல்லது?

பதில்: தேசியச் சங்கம்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 1963இல் ஆல்பாவை விட்டுப் பிரிந்தார்கள். சவுத்வெஸ்ட் விமானிகளுக்கும் தனிச் சங்கமே. அவர்களும் நல்ல சம்பளம் வாங்கவில்லையா என்று கேட்கலாம். வாங்கினார்கள். ஆனால் 2023 மார்ச்சில் ஆல்பாவின் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு பெற்றார்கள். மற்ற நிறுவனங்களில் பேரம் அதையே அளவுகோலாகக் கொண்டு நடந்தது. எங்கோ இருக்கும் தலைமைக்கு எங்கள் கஷ்டம் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. ஆல்பாவிலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்குள்ள விமானிகளே தேர்ந்தெடுக்கும் குழு உண்டு. ஒப்பந்தத்தை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் வாக்குதான்.

கோபத்தில் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு யூ.எஸ். ஏர்வேஸ் சாட்சி. எந்த விமானம், எந்த வழித்தடம், எந்த நாள் விடுப்பு என எல்லாவற்றையும் முடிவுசெய்வது பணிமூப்புப் பட்டியல். அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்துடன் இணைந்தபின் 2007இல் நடுவர் தந்த பட்டியலில், பல ஆண்டு பணியாற்றிய யூ.எஸ். ஏர்வேஸ் விமானிகள் அங்கே அண்மையில் சேர்ந்தவர்களுக்குக் கீழே போனார்கள். அவர்களின் வலி நியாயமானது. 2008இல் ஆல்பாவை வெளியேற்றினார்கள். புதிய சங்கத்தால் தான் வாக்குறுதி அளித்த பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவர முடியவில்லை. வழக்குகளிலேயே ஆண்டுகள் கரைந்தன. மாறாக, தனிச் சங்கம் நடத்திப் பார்த்த ஃபெடெக்ஸ் விமானிகள் 2002இல் ஆல்பாவுக்கே திரும்பினார்கள். பறக்கும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் விதிப்பது வாஷிங்டன். அங்கே எண்ணிக்கைதான் பலம். தலைமையில் குறை இருந்தால் உள்ளே இருந்து மாற்றுங்கள். வெளியேறிப் பலத்தை இழக்காதீர்கள்.