ஆய்வுகூடத்தில் நீர் முந்துக

இரணைமடுவை நம்பி வாழும் கிளிநொச்சி மக்களாகிய நாம், வெள்ளம் வருமுன் அணை கோலும் வழக்கினேம். ஆய்வுகூட விதிகளும் அத்தகைய அணைகளே. அவற்றுள் முதன்மையானதொன்றை ஈண்டு ஆராய்வாம்.

செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஐதாக்கும்போது, நீரிலேயே அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குதல் வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றுதல் ஆகாது. காரணம் யாது? அவ்வமிலம் நீரைப்போல் ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தியுடையது. அதன்மேல் விழும் நீர் மிதந்து, கலக்குமிடத்துப் பிறக்கும் பெருவெப்பத்தாற் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு தெறிக்கும். நீர் மிகுந்திருப்பின் அவ்வெப்பத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும்.

கண்ணுக்கு வரும் கேடு பேரறிஞரையும் விட்டதில்லை. 1812 ஆம் ஆண்டில் நைதரசன் முக்குளோரைட்டு வெடித்து அம்பிரி டேவியின் கண்ணைக் காயப்படுத்திற்று. ஆகவே காப்புக் கண்ணாடி அணிதல் கடன். கண்ணில் அமிலம் பட்டால், உடனே தூய நீரால் 15 நிமிடமேனும் இடைவிடாது கழுவி, பின் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

கோடையிற் கிணறு வற்றுதலும் குழாய் ஓய்தலும் வன்னிக்குப் புதியனவல்ல. ஆதலின், அமிலப் போத்தலைத் திறக்குமுன் நீர் நிறைந்த வாளிகள் அருகே உளவா என நோக்குதல் முதற் பாடமாகுக. நீரில்லா நாளில் அப்பரிசோதனையும் வேண்டா என்பதே எமது துணிபு. சோடியத் தீக்கோ நீர் பகை; அதற்கு உலர்ந்த மணல் ஒரு வாளி வைக்க.

ஆய்வுகூடத்துக்கு உதவ முன்வரும் பழைய மாணவர், புதுக் கருவிகளோடு ஒரு நீர்த்தாங்கியையும் நினைப்பாராக.