கடற்பயணமும் குமட்டலும்: புறப்படும் முன் அறிய வேண்டியவை

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் புறப்பட்டது முதல், கடல்வழியே உறவினரைக் காணச் செல்ல விரும்புவோர் பெருகியுள்ளனர். அப்பயணத்திற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் செல்ல மூன்று நாள் வரை ஆகலாம். "இதய நோயுள்ள தந்தையை அழைத்துச் செல்லலாமா?", "சர்க்கரை மாத்திரை உண்ட பின் வாந்தி வந்தால் என்ன செய்வது?" என்னும் கேள்விகளை நாங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்கிறோம். அவற்றுக்கான விடைகளை இங்கே தருகிறோம்.

ஏன் வருகிறது?

நமது உட்செவியில் சமநிலையை உணரும் உறுப்பு உள்ளது. அதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. இரண்டு சிறு பைகள் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் உணர்கின்றன. கப்பலின் அறைக்குள் அமர்ந்திருக்கையில், சுவரும் இருக்கையும் அசையாதிருப்பதாகக் கண் சொல்கிறது. உடல் ஏறி இறங்குவதாகச் செவி சொல்கிறது. இவ்விரண்டு செய்திகளும் முரண்படுவதால் மூளை தடுமாறுகிறது. அதன் விளைவே குமட்டல். ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு முறை மேலும் கீழுமாக எழும் மெதுவான அசைவே மிகுதியும் துன்புறுத்துகிறது.

இது மனத்தின் கோழைத்தனம் அன்று. 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வினும் இத்துன்பத்திற்கு ஆளானவரே. இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. பள்ளிப் பருவத்துச் சிறுவர்க்கு மிகுதி. ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் எளிதில் வரும்.

தடுக்கும் வழிகள்

• கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள். முனைகளிலும் மேல்தளத்திலும் அசைவு மிகுதி.
• முன்னோக்கி அமர்ந்து, அசையாத தொடுவானத்தைப் பாருங்கள். அது தெரியாத இடத்தில் கண்களை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.
• புத்தகத்தையும் கைப்பேசியையும் எடுக்க வேண்டா.
• வெறும் வயிற்றுடனோ வயிறு நிறைய உண்டோ ஏறாதீர்கள். புறப்படுவதற்கு முன் இரண்டு இட்லி போன்ற எளிய உணவு போதும். மது கூடாது.
• டீசல் புகை, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றின் வாடையிலிருந்து விலகி, காற்று வரும் இடத்தில் இருங்கள்.

கொட்டாவி, முகம் வெளிறல், குளிர்ந்த வியர்வை, வாயில் உமிழ்நீர் ஊறல் ஆகியவை முதல் அறிகுறிகள். அப்போதே மேற்சொன்னவற்றைச் செய்து, மெதுவாகவும் சீராகவும் மூச்சு விடுங்கள். இஞ்சி சிலருக்கு இதம் தரும். எல்லோருக்கும் பயன் தரும் என்று சொல்ல இயலாது.

மருந்துகள்

வாந்தி தொடங்கிய பின் உட்கொள்ளும் மாத்திரை வயிற்றில் தங்குவதில்லை. எனவே சின்னரிசின், புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மருந்துகளை, மருத்துவர் கூறியபடி, புறப்படுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் டாம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் ஆகியவை பிற வாந்திகளுக்கு உதவலாம். அசைவினால் வரும் குமட்டலைத் தடுப்பதில் அவற்றை நம்ப இயலாது.

பயண மாத்திரைகள் உறக்கத்தைத் தருவன. இறங்கியவுடன் வாகனம் ஓட்டாதீர்கள். முதியோருக்கு இவை மனக்குழப்பத்தையும் தடுமாறி விழுதலையும் உண்டாக்கலாம். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படுதல், பார்க்கின்சன் நோய், கருவுற்ற நிலை ஆகியவற்றில் மருத்துவரைக் கேளாமல் எதையும் உட்கொள்ள வேண்டா. இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கக் கூடாது.

தொடர் மருந்து உட்கொள்வோர்

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்த பின் உணவு வாந்தியாகிவிட்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சோதனைக் கருவியைக் கைப்பையில் வைத்திருங்கள். பெட்டியில் வைத்துக் கட்டிவிடாதீர்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தடுமாறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இன்சுலினைத் தாமாக நிறுத்துவதும் தவறு. அளவை எவ்வாறு மாற்றுவது என்பதைப் பயணத்திற்கு முன்பே எங்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வலிப்பு, இதயம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரை வாந்தியில் வெளிவந்தால், மீண்டும் ஒன்றைத் தாமாக உட்கொள்ளாமல் மருத்துவரைக் கேளுங்கள். உடல் வறட்சிக்கு உப்பு–சர்க்கரைக் கரைசலை ஒரே மூச்சில் குடிக்காமல், சில நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். சிறுநீரக, இதய நோயாளிகள் எவ்வளவு பருகலாம் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

குமட்டல் என்று எண்ணி ஏமாறாதீர்கள்

உடன் செல்வோர் இப்பகுதியை நினைவில் வைக்க வேண்டும். வெளிறல், வியர்வை, வாந்தி ஆகிய மூன்றும் மாரடைப்பிலும் சர்க்கரைத் தாழ்விலும் வரும். நீரிழிவு உள்ளோருக்கு நெஞ்சுவலி இன்றியும் மாரடைப்பு வரலாம். எனவே கடல் அமைதியாக இருக்கும்போது திடீரென வாந்தி வந்தாலோ, மார்பு, தாடை, இடக்கை ஆகியவற்றில் வலியோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ, வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கம் வலுவிழந்தாலோ, "கடல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று காத்திராதீர்கள். உடனே கப்பல் பணியாளரிடம் தெரிவியுங்கள். வாந்தியில் இரத்தம், எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகியவையும் உடனடி மருத்துவம் தேவைப்படுபவை.

கரை இறங்கிய பின்

தரை அசைவது போன்ற உணர்வு ஓரிரு நாள் நீடிக்கலாம். அது தானே மறையும். அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். நீண்ட பயணத்தில் பெரும்பாலோர்க்கு இரண்டு, மூன்று நாளில் உடல் கடலுக்குப் பழகிவிடுகிறது.

பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. பயணச்சீட்டு வாங்கியவுடன், தாங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலுடன் ஒரு முறை வந்து எங்களைக் காணுங்கள். தங்களுக்கு உரிய மாத்திரை எது, அதை எப்போது உட்கொள்வது என்பதைச் சீட்டில் எழுதித் தருவோம். அச்சீட்டு, உடன் வருபவரின் கையில் இருக்கட்டும்.